எம்எம்ஓ விளையாட்டுக்குள் முதல் முறை நுழைகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எம்எம்ஓ என்றால் ஏராளமானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு. அப்படி ஒரு ஃபேண்டசி விளையாட்டை நான் முதலில் தொடங்கிய அன்றைக்கு ஒரு ஓநாயைக்கூட அடிக்கவில்லை. டவுன்லோடு ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் எழுந்து பார்த்தால் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னது, அதை முடித்தால் கார்டு ஏற்கவில்லை, கார்டு ஏற்றதும் எந்த சர்வர் (விளையாட்டின் உலகம் ஓடும் கணினி) என்று கேட்டது. ஏதோ ஒன்றைத் தட்டி உள்ளே போனேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் வாங்கிய பதிப்பும் தவறு, சர்வரும் தவறு. பாத்திரமாவது (உள்ளே நான் ஆடும் ஆள்) சரியா என்றால் அதுவும் எனக்கு ஒத்துவராத வகை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே நீங்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றைத் திருத்திக்கொள்ளலாம்: செத்தால் எழுந்துவிடுவீர்கள், தப்பான திறனைத் தேர்ந்தெடுத்தால் மாற்றிக்கொள்வீர்கள், மோசமான வாளை விற்றுவிடுவீர்கள். வாசலில் செய்யும் தவறுகள்தான் (எந்தப் பதிப்பு, எந்தக் கடை, எந்த சர்வர், எந்த மின்னஞ்சல்) காசு கொடுத்தாலும் சில சமயம் திருத்த முடியாதவை. அதனால் இந்தக் கட்டுரை பாதிக்கு மேல் வாசலிலேயே நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எப்படிக் காசு கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

எல்லா விளையாட்டும் ஒரே மாதிரி காசு கேட்பதில்லை. "இலவசம்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி உட்கார வேண்டாம்.

மாதச் சந்தா கேட்பவை ஒரு வகை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் அப்படித்தான். சந்தா கட்டினால் பழைய விரிவாக்கங்கள் (பின்னால் சேர்த்த கதைகளும் பகுதிகளும்) எல்லாம் அதிலேயே அடக்கம், புதிதாக வந்திருக்கும் கடைசி விரிவாக்கத்தை மட்டும் தனியாக வாங்க வேண்டும். ஃபைனல் ஃபேண்டசி 14-இல் விளையாட்டையும் வாங்க வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும். முதல் 30 நாள் சந்தா மட்டும் விலையோடு சேர்ந்து வரும்.

ஒரு முறை வாங்கினால் போதும் என்பவை இன்னொரு வகை. கில்டு வார்ஸ் 2-க்குச் சந்தாவே கிடையாது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2015 மார்ச்சில் கட்டாயச் சந்தாவைக் கைவிட்டது. இப்போது அதில் சந்தா உங்கள் விருப்பம், ஆனால் கைவினைப் பொருட்களை அளவில்லாமல் போட்டுவைக்கும் பை சந்தாக்காரர்களுக்கு மட்டும்தான். அந்தப் பை இல்லாமல் விளையாடிப் பாருங்கள், பாதி நேரம் மூட்டையைக் காலி செய்வதிலேயே போய்விடும். எந்த நிறுவனமும் சந்தாவை முழுசாக மறப்பதில்லை, எங்காவது ஒரு வசதியில் ஒளித்துவைத்திருக்கும்.

கணக்குப் போடும்போது நான்கு செலவுகளைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: அடிப்படை விளையாட்டு, விரிவாக்கங்கள், மாதச் சந்தா, உள்ளே இருக்கும் கடை. கடைசியில் சொன்னதற்கு நீங்களே ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளாவிட்டால் குதிரைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று சந்தாவைத் தாண்டிப் போய்விடும். நான் ஒரு மாதம் சிறகு முளைத்த பூனை ஒன்றுக்காகக் கொடுத்த காசை இங்கே சொல்லப்போவதில்லை.

2. இலவசப் பகுதியை முழுசாகத் தின்று முடியுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான், நானும் சறுக்கினேன். ஆர்வத்தில் முதல் நாளே எல்லாம் சேர்ந்த பெரிய பொட்டலத்தை வாங்கிவிடுவோம். அந்தப் பொட்டலத்தில் இருக்கும் கடைசிக் கதையைத் தொட நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும், அதற்குள் அது பாதி விலைக்குத் தள்ளுபடியில் வந்திருக்கும்.

ஃபைனல் ஃபேண்டசி 14-இன் இலவச முயற்சிக் கணக்குக்குக் கால வரம்பு கிடையாது. அடிப்படை விளையாட்டும் முதல் இரண்டு விரிவாக்கங்களும் சேர்த்து 70-ஆம் நிலை வரை போகலாம். பதிலுக்குச் சில கட்டுகள் உண்டு: 3,00,000 கில்லுக்கு (உள்ளே புழங்கும் நாணயம்) மேல் காசு வைத்துக்கொள்ள முடியாது, வீரர்கள் விற்கும் சந்தையில் வாங்க விற்க முடியாது, கில்டில் (வீரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் நிலையான சங்கம்) சேர முடியாது, நீங்களாக ஒரு குழுவை உருவாக்கவும் முடியாது, மற்றவர் அழைத்தால் சேரலாம். முக்கியமான பொறி இதில்தான் இருக்கிறது: ஒரு முறை காசு கட்டி முழுக் கணக்காக மாற்றிவிட்டால் பிறகு இலவசக் கணக்குக்குத் திரும்பவே முடியாது. சந்தா முடிந்தால் கதவு மூடிவிடும். ஆகவே அந்தக் கட்டுகள் உங்களை உண்மையிலேயே உறுத்தும் வரை வாங்காதீர்கள்.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் 20-ஆம் நிலை வரை இலவசம். விளையாட்டு பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும், அதற்கு மேல் எதற்கும் போதாது. கில்டு வார்ஸ் 2-இன் அடிப்படை விளையாட்டு இலவசமாகவே 80-ஆம் நிலை வரை போகும், பாத்திரங்கள் இரண்டு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல விஷயம், 2012-இல் வெளிவந்ததிலிருந்து அதன் உச்ச நிலை 80-ஐத் தாண்டவே இல்லை. ஒரு வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் உங்கள் கவசம் குப்பையாகியிருக்காது. வேலை, குடும்பம் என்று விட்டு விட்டு விளையாடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பிலும் காலவரம்பில்லாத இலவசப் பகுதி உண்டு. 2018 அக்டோபரிலிருந்து ஃபோனிலும் ஓடுகிறது, அதே கணக்கு, அதே பாத்திரம். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

வாங்குவது என்று முடிவெடுத்த பிறகும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்தக் கடையில் முதலில் வாங்குகிறீர்களோ அந்தக் கடையோடு கட்டிப்போடும் விளையாட்டுகள் உண்டு. ஃபைனல் ஃபேண்டசி 14-ஐ ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கினால் கம்ப்யூட்டருக்கான விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும், வெளியில் தள்ளுபடியில் கிடைக்கும் சாவி (விளையாட்டைத் திறக்கும் குறியீடு) வேலை செய்யாது. கடைசி விரிவாக்கத்தை வாங்கினால் இடையில் இருக்கும் விரிவாக்கங்கள் சேர்ந்தே வரும், ஆனால் அடிப்படைப் பதிப்பு அதில் இல்லை. இதைக் கவனிக்காமல் ஒன்றொன்றாக வரிசையாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. கணக்கும் காகிதங்களும்

விளையாட்டுக்கு என்ன காகிதம் என்று கேட்காதீர்கள். கணக்கு பறிபோன அன்றைக்குத்தான் அது தெரியும். எனக்குப் பறிபோகவில்லை, ஃபோன் உடைந்தது. அந்த ஃபோனில்தான் உள்நுழையும் குறியீடு தரும் செயலி இருந்தது. நிரூபிக்க என்னிடம் இருந்ததெல்லாம் நான் விளையாட்டாகப் போட்ட பொய்ப் பிறந்த தேதி, அதுவும் மறந்துபோயிருந்தது. மீட்க பதினோரு நாள் ஆயிற்று, சந்தா மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, பெயர், பிறந்த தேதி, நாடு மூன்றையும் உண்மையாகக் கொடுங்கள். உதவிப் பிரிவு அடையாள அட்டை கேட்டால் அதோடு பொருந்த வேண்டும். நாடு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம்: கணக்கில் போட்ட நாடும் கார்டு வழங்கிய நாடும் வேறாக இருந்தால் பணம் ஏற்காமல் போகலாம், நாட்டை மாற்றுவதும் லேசில் நடக்காது. மின்னஞ்சல், பத்து வருடம் கழித்தும் உங்களிடம் இருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அலுவலக முகவரி வேண்டாம். வாங்கிய ரசீது, விளையாட்டின் சாவி எண், பதிவு செய்தபோது வந்த முதல் மின்னஞ்சல் இவற்றை ஒரே கோப்புறையில் போட்டுவையுங்கள்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். செயலியை இணைக்கும்போது அவசர நீக்கக் குறியீடு என்று ஒன்று காட்டுவார்கள், எல்லோரும் "சரி" தட்டிவிட்டுப் போய்விடுவோம். அதைத் தாளில் எழுதுங்கள். ஃபோனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் ஃபோனோடு அதுவும் போகும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா! இதைச் செய்பவர்களுக்குச் சின்ன லஞ்சமும் உண்டு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் பையில் நான்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும், ஃபைனல் ஃபேண்டசி 14-இல் ஓர் ஊருக்கு இலவசமாகத் தாவலாம்.

பணத்தில் ஏதாவது தகராறு வந்தால் உடனே வங்கியிடம் போய்க் கட்டியதைத் திருப்பிக் கேட்காதீர்கள். பெரும்பாலும் கணக்கையே முடக்கிவிடுவார்கள். முதலில் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

4. சர்வர்: அழகான பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பிங் என்பது உங்கள் விரல் அசைவு சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். 50 மில்லிநொடிக்குள் இருந்தால் ராஜா, 100 வரை ஒன்றும் தெரியாது, 150 தாண்டினால் பழகிக்கொள்ளலாம், 250-க்கு மேல் போனால் தரையில் சிவப்பு வட்டத்தைப் பார்த்து நீங்கள் விலகிய பிறகும் அடி விழும். நான் கூட்டம் அதிகம் என்று கேள்விப்பட்டு உலகத்தின் மறுபக்கத்து சர்வரில் சேர்ந்தேன், மூன்று வாரம் என் கைதான் மெதுவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பிங் மட்டும் பார்த்தாலும் போதாது. நீங்கள் விளையாடும் நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். பக்கத்து சர்வரில் நள்ளிரவுக்கு மேல் ஆளே இல்லை என்றால் நல்ல பிங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நண்பர் ஏற்கெனவே விளையாடுகிறார் என்றால் யோசிக்காமல் அவர் இருக்கும் இடத்துக்கே போங்கள், 80 மில்லிநொடி கூடினாலும் பரவாயில்லை. யாரும் இல்லாவிட்டால் இலவசக் கணக்கில் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தற்காலிகப் பாத்திரம் போட்டு, நீங்கள் வழக்கமாக விளையாடப்போகும் நேரத்தில் பெரிய ஊர்ச் சந்தையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றால், மாற்றலாம், பல விளையாட்டுகளில் பாத்திரத்துக்கு இத்தனை என்று கட்டணம் கேட்பார்கள். கூட்டம் மிகுந்த சர்வர்களில் சில நேரம் புதுப் பாத்திரமே போட விடமாட்டார்கள். ஆள் குறைந்த சர்வர்களுக்கு அனுபவப் புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்து ஆசை காட்டுவார்கள். அந்தச் சலுகை தனியாக விளையாடுகிறவர்களுக்கு நல்ல பேரம்தான்.

இதே நேரத்தில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய விளையாட்டுகள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. எஸ்எஸ்டியில் போடுங்கள், பழைய ஹார்டு டிஸ்கில் போட்டால் மற்றவர்கள் பாஸை (கடைசியில் வரும் பெரிய எதிரி) முடித்த பிறகுதான் உங்களுக்கு வரைபடம் திறக்கும்.

5. பாத்திரம்: டேங்க், ஹீலர், டிபிஎஸ்

மூக்கின் நீளத்தை நாற்பது நிமிடம் சரிசெய்வீர்கள், நானும் செய்தேன், தலைக்கவசம் போட்டதும் மூக்கு தெரியாது. நேரத்தை வகுப்பை (பாத்திரம் எப்படிச் சண்டை போடும் என்ற வகை) தேர்ந்தெடுப்பதில் செலவிடுங்கள்.

அடியைத் தன்மேல் வாங்குபவர் டேங்க், காயத்தை ஆற்றுபவர் ஹீலர், எதிரியை அடித்து வீழ்த்துபவர் டிபிஎஸ். புதியவர்கள் பயந்துகொண்டு எல்லோரும் டிபிஎஸ் எடுப்பார்கள், அதனால்தான் குழுவுக்கு ஆள் சேர்க்கும் வரிசையில் அவர்களுக்குக் காத்திருப்பு அதிகம், டேங்குக்கு உடனே கதவு திறக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் இது சின்ன விஷயமில்லை.

வகுப்பை மாற்ற முடியுமா என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டிலும் கில்டு வார்ஸ் 2-இலும் தேர்ந்தெடுத்தது தேர்ந்தெடுத்ததுதான், வேறு வகுப்பு வேண்டும் என்றால் வேறு பாத்திரம். ஃபைனல் ஃபேண்டசி 14-இல் ஒரே பாத்திரம் எல்லா வேலையும் (அங்கே வகுப்பை அப்படித்தான் சொல்வார்கள்) கற்கலாம், ஆயுதத்தை மாற்றினால் வேலை மாறும், 10-ஆம் நிலை வகுப்புப் பணியை முடித்தால் போதும். முடிவெடுக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் அங்கே ஆர்க்கனிஸ்டாகத் தொடங்கலாம், அதிலிருந்து சம்மனர், ஸ்காலர் என்று அடிப்பவரும் ஆற்றுபவரும் இரண்டு பேரும் கிளைக்கிறார்கள், ஒன்றை வளர்த்தால் இரண்டும் வளரும்.

காசு கொடுத்தால் நேராக உயர்ந்த நிலைக்குத் தூக்கிவிடும் பூஸ்ட் விற்பார்கள். முதல் பாத்திரத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள். முப்பது பொத்தான்கள் திரையில் வந்து நிற்கும், எதற்கு எது என்று தெரியாது. கேட்டால் "இந்த நிலையில் இதுகூடத் தெரியாதா" என்பார்கள்.

6. முதல் பத்து மணி நேரம்

முக்கியக் கதைப் பணியை மட்டும் பின்தொடருங்கள். வழியில் தலைக்கு மேல் குறி போட்டு நிற்கும் எல்லோருக்கும் ஓடி உதவ வேண்டியதில்லை. ஆனால் புதிய வசதியைத் திறக்கும் பணிகளுக்குச் சில விளையாட்டுகளில் தனிக் குறி இருக்கும், ஃபைனல் ஃபேண்டசி 14-இல் நீல நிறம், அவற்றை விட்டுவிடாதீர்கள். அங்கே 15-ஆம் நிலையில் ஹால் ஆஃப் தி நாவிஸ் என்ற பயிற்சிக்கூடம் திறக்கும். போர் அடிக்கும் என்று தாண்டுகிறவர்கள் அதிகம், முடித்தால் ஒரு முழு உடுப்பும், 30-ஆம் நிலை வரை அனுபவப் புள்ளியைக் கூட்டும் மோதிரமும் தருகிறார்கள்.

கிடைக்கும் பொருளையெல்லாம் விற்காமல் சேர்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். பை நிறைந்த பிறகு காட்டு நடுவில் நின்று எதை எறிவது என்று யோசிப்பீர்கள். சாம்பல் நிறப் பெயர் உள்ளதைக் கடைக்காரரிடம் தள்ளிவிடுங்கள், கைவினைப் பொருட்களைக் கிடங்கில் போடுங்கள்.

7. முதல் டஞ்சன்

டஞ்சன் என்பது சின்னக் குழுவாகப் போய் எதிரிகளையும் பாஸையும் வீழ்த்தும் தனி இடம். எல்லோரும் நடுங்கும் இடம், உண்மையில் அவ்வளவு பயங்கரமில்லை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஐந்து பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டிபிஎஸ். ஃபைனல் ஃபேண்டசி 14-இல் நான்கு பேர், முதல் டஞ்சன் சஸ்டாஷா, 15-ஆம் நிலையில். மனிதர்களோடு போகக் கூச்சமாக இருந்தால் கதை டஞ்சன்களுக்குக் கணினித் தோழர்களையே கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே ஒரு முறை பழகிவிட்டு மனிதர்களோடு போனேன், நடுக்கம் பாதியாகக் குறைந்தது.

உள்ளே போனதும் "முதல் முறை வருகிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். தொண்ணூறு சதவீதம் பேர் உதவுவார்கள் என்று கணக்கெல்லாம் சொல்லமாட்டேன், என்னிடம் இதுவரை ஒரே ஒருவர்தான் எரிந்துவிழுந்தார், அவரும் அடுத்த பாஸில் முதலில் செத்துப்போனார்.

டேங்க் ஓடுவதற்கு முன் நீங்கள் ஓடாதீர்கள். நீங்கள் டேங்க் என்றால் எதிரிகளின் கோபத்தை உங்கள்மேல் இழுக்கும் ஸ்டான்ஸை ஆன் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அதை மறப்பதுதான் புதிய டேங்குகளின் பிறவிக் குணம். லூட் (எதிரி விட்டுச்செல்லும் பொருள்) விழும்போது நீட் (எனக்குத் தேவை), க்ரீட் (கிடைத்தால் நல்லது), பாஸ் (எனக்கு வேண்டாம்) என்று மூன்று பொத்தான் வரும். இப்போது நீங்கள் ஆடும் வகுப்புக்கு உதவும் பொருளுக்கு மட்டும் நீட் தட்டுங்கள், மற்றதற்கெல்லாம் க்ரீட். இந்த ஒரு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகமாகத் திட்டு வாங்குகிறார்கள்.

அரை மணி நேரம் கையில் இல்லாதபோது வரிசையில் நிற்காதீர்கள். நடுவில் விட்டுவிட்டுப் போனால் தண்டனை உண்டு, ஃபைனல் ஃபேண்டசி 14-இல் 30 நிமிடம் மறுபடி வரிசையில் சேர முடியாது. குழந்தை அழுகிறது, பால் பொங்குகிறது என்றால் குழுவிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் நிற்பார்கள்.

8. ஏமாற்றுக்காரர்கள்

உங்கள் பெயர் அருகே புதியவர் என்ற குறி தெரிந்த அன்றே வருவார்கள். "உங்கள் கணக்கு மீறலில் சிக்கியிருக்கிறது, இந்த இணைப்பில் சரிசெய்யுங்கள்" என்று கேம் மாஸ்டர் (விளையாட்டு நிறுவனத்தின் ஊழியர்) போலப் பேசுவார்கள். உண்மையான கேம் மாஸ்டர் கடவுச்சொல் கேட்க மாட்டார். தங்கம் (விளையாட்டுக்குள் புழங்கும் காசு) வெளியில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், பெரும்பாலும் யாரோ ஒருவரிடம் திருடியதுதான் அது, சிக்கினால் உங்கள் கணக்கு போகும். காசு கொடுத்துத் தங்கம் வேண்டும் என்றே இருந்தால் விளையாட்டு நிறுவனமே விற்கும் டோக்கன், பாண்டு போன்றவை இருக்கின்றன. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ஒரு பாண்டை 14 நாள் உறுப்பினர் காலமாக மாற்றலாம், விளையாட்டிலேயே சம்பாதித்த தங்கத்தில் அதை வாங்குகிறவர்களும் உண்டு.

அதே விளையாட்டில் பழம்பெரும் ஏமாற்று ஒன்று இருக்கிறது: "உங்கள் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், கொடுங்கள்." அப்படி ஒரு திறனே விளையாட்டில் கிடையாது. கொடுத்தால் கவசம் போனதுதான். பரிமாற்றத்தில் இரண்டு திரைகள் வரும், இரண்டாவது திரையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள், கடைசி நொடியில் பொருளை மாற்றிவிடுவார்கள். "என்னோடு வா, புதையல் காட்டுகிறேன்" என்று வடக்கே வனப்பகுதிக்கு அழைத்தால் போகாதீர்கள், அங்கே மற்ற வீரர்கள் உங்களைக் கொல்லலாம், சாதாரணமாக மூன்று பொருள்தான் மிஞ்சும்.

9. கில்டும் கடிகாரமும்

கில்டில் சேரும் முன் அவர்கள் எந்த நேரத்தில் கூடுகிறார்கள் என்று கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வாரத்தில் மூன்று நாள் ரெய்டு (பெரிய குழுவாகப் போகும் கடினமான சண்டை), தவறாமல் வர வேண்டும் என்றால் அது இரண்டாவது வேலை.

தினசரி, வாராந்திரப் பணிகள் புதுப்பிக்கப்படும் நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி ஒட்டிவையுங்கள். கில்டு வார்ஸ் 2-இல் உலக நேரம் (UTC) 00:00. ஃபைனல் ஃபேண்டசி 14-இல் அதே உலக நேரப்படி தினசரி 15:00, வாரக் கணக்கு செவ்வாய் 08:00. புதிய விரிவாக்கம் வெளியாகும் நாளில் விடுப்பு எடுக்காதீர்கள். உள்ளே நுழையவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மூன்று நாள் கழித்து எடுங்கள்.

10. நிறுத்துவது எப்படி

சந்தா கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய நாட்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அடுத்த மாதம் வேண்டுமென்றால் நீங்களாகக் கட்டலாம். இடைவெளி விடப்போகிறீர்கள் என்றால் பாத்திரங்கள் எங்கும் போகாது, சர்வரில் தூங்கும். ஃபைனல் ஃபேண்டசி 14-இல் வீடு வாங்கியவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், 45 நாள் வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் வரும், அதற்காகத்தான் மூன்றாவது படியில் மின்னஞ்சலைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.